கோப்புப் பகிர்வும் கலைத் தொழில்களும்: இசைக்கும் திரைப்படத்திற்கும் நேர்ந்த வேறுவேறு விளைவுகள்

ஒரு பொருளை ஒருவர் எடுத்துக்கொண்டால் மற்றவருக்கு அது இல்லாமற் போகும் என்பது சந்தைப் பொருளாதாரத்தின் முதற்பாடம். இசைத்தட்டையும் திரைப்படச் சுருளையும் பொறுத்தவரை இவ்விதி நெடுங்காலம் பொருந்தி வந்தது. பாட்டும் படமும் எண்களின் வரிசையாக மாற்றப்பட்டுக் கணிப்பொறிக் கோப்புகளாக ஆனபின் அது பொருந்தவில்லை. கோப்பைக் கொடுத்தவரிடமும் அது குறைவின்றி இருக்கிறது; பெற்றவரிடமும் முழுமையாக இருக்கிறது. படியெடுக்கும் செலவு ஏறத்தாழ ஏதுமில்லை. ஆனால் முதற்படியை உருவாக்கும் செலவு மட்டும் உருவாக்கியவர் தலையில் முழுமையாக நிற்கிறது. இணையவழிக் கோப்புப் பகிர்வினால் எழுந்த சிக்கல் அனைத்தும் இந்த வேற்றுமையிலிருந்து பிறந்ததே.

இச்சிக்கலைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி நடைபெறுகிறது: விற்பனை எத்தனை கோடி குறைந்தது? கேள்வி நியாயமானதே. ஆயினும் பொருளாதார நோக்கில் இதனினும் முக்கியமான மற்றொரு கேள்வி உண்டு. வருவாய் குறைந்ததனால் அடுத்து வரவேண்டிய பாடல்களும் படங்களும் உருவாகாமற் போயினவா என்பதே அது. ஏற்கெனவே எடுக்கப்பட்ட படம், பகிரப்பட்டாலும் படமாகவே இருக்கும். எடுக்கப்படாமற் போன படத்தை எந்தப் புள்ளிவிவரமும் பட்டியலிடுவதில்லை. இந்த இரண்டாம் கேள்விக்கு இசைத்துறை ஒரு விடையையும் திரைப்படத்துறை வேறொரு விடையையும் தருகின்றன.

அளவும் வேகமும்

கோப்புப் பகிர்வு முதலில் இசையைத் தாக்கிற்று. திரைப்படத்தைப் பல ஆண்டுகள் கழித்தே தாக்கிற்று. இதன் காரணத்தை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். குறுந்தகட்டில் உள்ள நான்கு நிமிடப் பாடல் ஒன்று ஏறத்தாழ 42 மெகாபைட் இடம் பிடிக்கும். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தின் பெரும்பங்களிப்புடன் உருவான எம்பி3 முறை, மனிதச் செவி எளிதில் உணராத ஒலிக்கூறுகளை நீக்கி, அதே பாடலை நான்கு மெகாபைட்டுக்குள் அடக்கிவிட்டது. 1990-களின் இறுதியில் வீடுகளில் இருந்த தொலைபேசிவழி இணைப்பின் உச்ச வேகம் வினாடிக்கு 56 கிலோபிட். அந்த வேகம் முழுமையாகக் கிடைத்தால் இப்பாடலை ஒன்பது நிமிடங்களில் பெறலாம். ஒரு குறுந்தகட்டில் அடங்குமாறு 700 மெகாபைட்டாகச் சுருக்கிய திரைப்படத்தைப் பெறுவதற்கோ அதே இணைப்பில் 27 மணி நேரத்திற்கு மேல் ஆகும். ஆகவே பாட்டு பறந்தது, படம் நின்றது. இன்று கைப்பேசியிலேயே வினாடிக்கு 10 மெகாபிட் வேகம் எளிதாகக் கிடைக்கிறது. அந்த வேகத்தில் அத்திரைப்படம் வந்துசேர ஒன்பது நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலாகும். அன்று ஒரு பாடலுக்கு ஆன நேரத்தில் இன்று ஒரு முழுப்படம் வந்துவிடுகிறது.

இந்தியாவில் இம்மாற்றம் வேகத்தால் மட்டுமன்றி விலையாலும் நிகழ்ந்தது. 2014-இல் ஒரு ஜிகாபைட் கைப்பேசித் தரவின் சராசரி விலை ஏறத்தாழ 269 ரூபாய். 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் ஏற்பட்ட போட்டியில் இவ்விலை பத்து ரூபாய் அளவிற்குச் சரிந்தது. சட்டப்படியான ஒலி, ஒளிச் சேவைகள் இந்த மலிவினால் வளர்ந்தன. சட்டத்திற்குப் புறம்பான பகிர்வும் இதே மலிவினால் வளர்ந்தது.

பகிரும் முறையும் காலத்திற்கேற்ப மாறியது. 1999-இல் அமெரிக்காவில் தொடங்கிய நாப்ஸ்டர், பாடல்களைத் தன்னிடம் வைத்திருக்கவில்லை. எந்தப் பயனரின் கணிப்பொறியில் எந்தப் பாடல் உள்ளது என்னும் பட்டியலை மட்டும் வைத்திருந்தது. பட்டியல் ஒரே இடத்தில் இருந்தமையால் அந்த இடத்தைக் குறிவைத்து வழக்குத் தொடர முடிந்தது. 2001-இல் நீதிமன்ற ஆணையின் விளைவாக நாப்ஸ்டர் மூடப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த பிட்டொரன்ட் முறையில் கோப்பு நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒருவர் சில துண்டுகளைப் பெறும்போதே தம்மிடம் உள்ள துண்டுகளை மற்றவருக்கு வழங்குவார். பெறுவோர் பெருகப் பெருக வேகமும் பெருகும். பெரிய கோப்பான திரைப்படத்திற்கு மிகவும் ஏற்ற முறை இதுவே. அண்மை ஆண்டுகளில் இதன் இடத்தைப் பெருமளவு பிடித்திருப்பவை சட்டவிரோத ஒளிபரப்புத் தளங்களும் டெலிகிராம் போன்ற செய்திச் செயலிகளில் இயங்கும் குழுக்களுமாகும். இவற்றைப் பயன்படுத்துவோருக்குத் தனித் தொழில்நுட்ப அறிவு எதுவும் தேவையில்லை.

ஒலிநாடாவும் விடியோவும் கற்பித்த பாடம்

இணையம் வருவதற்கு முன்பே இந்தியா இச்சிக்கலைச் சந்தித்ததுண்டு. 1970-களின் இறுதியிலும் 1980-களிலும் கேசட் எனப்படும் ஒலிநாடா நாடெங்கும் பரவியது. திருட்டுப் பதிப்பு நாடாக்கள் சந்தையில் குவிந்தன. ஒரு பெரிய நிறுவனத்தின் கையில் ஏறத்தாழ முழுமையாக இருந்த இசைத்தட்டுத் தொழில் சிதறிற்று. ஆனால் இதே நாடாவின் மலிவினால்தான் வட்டார மொழிப் பாடல்களுக்கும் பக்திப் பாடல்களுக்கும் நாட்டுப்புற இசைக்கும் முதன்முறையாகச் சந்தை கிடைத்தது. சிறுநகரங்களில் சிறு பதிப்பாளர்கள் தோன்றினர். தீமையும் நன்மையும் ஒரே கருவியிலிருந்து வந்தன. இதனை எதிர்கொள்ளவே 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 1984-இல் திருத்தப்பட்டு, உரிமை மீறலுக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் விதிக்க வகை செய்யப்பட்டது.

திரைப்படத்திற்கு நேர்ந்தது வேறு. 1980-களின் நடுப்பகுதியில் விடியோக் கருவிகளும், 1990-களின் தொடக்கத்தில் தெருவுக்குத் தெரு கம்பிவடத் தொலைக்காட்சியும் வந்தன. புதிய படத்தின் திருட்டு நாடாவை விடியோ நிலையங்கள் வாடகைக்கு விட்டன. கம்பிவட நடத்துநர்கள் அனுமதியின்றி ஒளிபரப்பினர். பொருளியலறிஞர் ராகுல் தெலங், ஜோயல் வால்ட்ஃபோகல் ஆகிய இருவரும் இக்காலத்து இந்தியத் திரைப்படத் தரவுகளை ஆராய்ந்தனர். 1985 முதல் 2000 வரையிலான காலத்தில் வருவாய் குறைந்தது. அதைத் தொடர்ந்து புதிய படங்களின் எண்ணிக்கையும் குறைந்தது. பார்வையாளர் மதிப்பீடுகளால் அளந்தபோது படங்களின் தரமும் தாழ்ந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. திருட்டுப் பதிப்பினால் புதிய படைப்பே குறையும் என்பதற்கு உலக அளவில் காட்டப்படும் தெளிவான சான்றுகளுள் ஒன்று இந்தியாவிலிருந்து கிடைத்தது என்பது கருதத்தக்கது. அமெரிக்காவிலும் அதே விடியோக் கருவிதான் பரவியது. ஆனால் அங்கே உரிமை காக்கப்பட்டமையால், நாடா விற்பனையும் வாடகையும் படத் தயாரிப்பாளருக்குப் புதிய வருவாய்த் துறையாகவே அமைந்தன.

இசைத்துறை: வீழ்ச்சியும் மீட்சியும்

நாப்ஸ்டருக்குப் பின் இசைத்துறையில் ஏற்பட்ட வீழ்ச்சியை அமெரிக்கப் புள்ளிகள் நன்கு காட்டுகின்றன. 1999-இல் அந்நாட்டில் பதிவு செய்யப்பட்ட இசையின் விற்பனை 1,460 கோடி டாலர். 2015-இல் அது 670 கோடி டாலராகச் சுருங்கியது. பின்னர் மாதச் சந்தா செலுத்திக் கேட்கும் சேவைகளின் வளர்ச்சியால் 2023-இல் 1,710 கோடி டாலராக உயர்ந்தது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் பழைய உச்சத்தை இது இன்னும் எட்டவில்லை.

இவ்வீழ்ச்சி முழுவதற்கும் பகிர்வே காரணமா? இதில் அறிஞரிடையே ஒற்றுமையில்லை. ஓபர்ஹோல்சர்-கீ, ஸ்ட்ரம்ப் ஆகிய இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு புதுமையான வழியைக் கையாண்டது. ஜெர்மனியில் பள்ளி விடுமுறை வந்தால் அந்நாட்டு மாணவர்கள் கணிப்பொறியின் முன் கூடுதல் நேரம் இருப்பர். அதனால் அமெரிக்கர்களுக்குக் கிடைக்கும் கோப்புகளும் கூடும். அந்த நாட்களில் அமெரிக்க இசை விற்பனை குறைந்ததா என்று அவர்கள் நோக்கினர். குறிப்பிடத்தக்க குறைவு தென்படவில்லை என்றனர். இம்முடிவைப் பலர் மறுத்தனர். கல்லூரி மாணவர்களிடையே ராப், வால்ட்ஃபோகல் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், இலவசமாகப் பெற்ற ஒவ்வோர் ஐந்து தொகுப்புக்கும் ஏறத்தாழ ஒரு தொகுப்பின் விற்பனை இழக்கப்பட்டதாகத் தெரியவந்தது. அதாவது இழப்பு உண்மை. ஆனால் பகிரப்பட்ட ஒவ்வொரு படியும் இழந்த விற்பனை அன்று. இலவசமாகக் கிடைத்ததால் மட்டுமே பலர் அப்பாடல்களைப் பெற்றனர்; விலை கொடுக்க நேர்ந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டார்கள்.

தொழில் அமைப்புகள் வெளியிடும் இழப்பு மதிப்பீடுகளைப் படிக்கும் மாணவரும் அலுவலரும் இதனை நினைவில் வைத்தல் வேண்டும். எர்ன்ஸ்ட் அண்டு யங் நிறுவனமும் இந்திய இணைய, கைப்பேசிச் சங்கமும் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, 2023-இல் இந்தியாவின் திருட்டுப் பதிப்புப் பொருளாதாரத்தின் அளவு 22,400 கோடி ரூபாய் என்று கணித்தது. இதில் 13,700 கோடி திரையரங்கப் படங்களைச் சார்ந்தது. 8,700 கோடி இணைய ஒளிபரப்புப் படைப்புகளைச் சார்ந்தது. சிக்கலின் பரப்பை உணர இத்தகைய எண்கள் உதவும். நாளையே பகிர்வு முற்றிலும் நின்றுவிட்டால் இத்தொகை அப்படியே தயாரிப்பாளரின் கைக்கு வந்துசேரும் என்று பொருள்கொள்ளுதல் பிழையாகும்.

இனி, புதிய இசை குறைந்ததா என்னும் கேள்வி. வருவாய் பாதியாகச் சரிந்த அதே ஆண்டுகளில் புதிய பாடல்களின் எண்ணிக்கை குறையவில்லை, மாறாகப் பெருகியது. திறனாய்வாளர்களின் பட்டியல்களையும் வானொலி ஒலிபரப்பையும் விற்பனையையும் கொண்டு வால்ட்ஃபோகல் அளந்தபோது தரமும் குறைந்ததாகத் தெரியவில்லை. இதற்குக் காரணம் எண்முறைத் தொழில்நுட்பத்தின் மறுபக்கம். முன்பு ஒரு பாடலைப் பதிவு செய்யப் பெரிய ஒலிப்பதிவுக் கூடமும் விலையுயர்ந்த கருவிகளும் வேண்டியிருந்தன. இன்று ஓர் அறையும் ஒரு கணிப்பொறியும் நல்ல ஒலிவாங்கி ஒன்றும் இருந்தால் போதும். விநியோகத்திற்கு லாரியும் வேண்டாம், கடையும் வேண்டாம். வருவாயைக் குறைத்த அதே தொழில்நுட்பம் செலவையும் குறைத்தது. எனவே இசை பிழைத்தது.

இந்தியாவில் இம்மீட்சி வேறொரு சுற்றுவழியில் வந்தது. குறுந்தகடுகளில் நூற்றுக்கணக்கான பாடல்களை அடைத்து நடைபாதையில் விற்ற எம்பி3 தகடுகள் ஒலிநாடா விற்பனையைக் குலைத்தன. அடுத்து, அழைப்போர் செவியில் பாட்டு ஒலிக்கும் கைப்பேசிச் சேவை இசை நிறுவனங்களுக்குச் சில ஆண்டுகள் பெரும் வருவாயைத் தந்தது. பாட்டு கேட்பதற்குப் பணம் தர மறுத்தவர்கள், தம்மை அழைப்பவர் கேட்பதற்காக மாதந்தோறும் பணம் தந்தது வேடிக்கையே. சந்தாதாரரின் உறுதியான ஒப்புதலின்றி இத்தகைய சேவைகளைத் தொடங்கக்கூடாதெனத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2011-இல் விதித்த நெறிகள் இவ்வருவாயைச் சுருக்கின. அதன்பின் சாவன், கானா போன்ற உள்நாட்டுச் சேவைகளும், 2019-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபையும், விளம்பரத்துடன் இலவசமாக விடியோ காட்டும் யூடியூபும் இசையின் முக்கிய வாயில்களாயின. தேடிப் பதிவிறக்கும் தொல்லையைவிடச் சட்டப்படிக் கேட்பது எளிதாகிவிட்ட இடத்தில் திருட்டுப் பதிவிறக்கம் தானாகவே தேய்ந்தது. ஆயினும் இச்சேவைகளைக் கேட்பவருள் பணம் செலுத்துவோர் சிறுபகுதியினரே ஆதலால், விளம்பர வருவாயை நம்பியே இத்துறை பெரிதும் நிற்கிறது.

மீண்ட வருவாய் யாருக்குச் சென்றது?

இங்கே ஒரு செய்தியைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். திருட்டுப் பதிப்பை எதிர்க்கும் விளம்பரங்கள் எல்லாம் கலைஞரின் பெயராலேயே பேசுகின்றன. ஆனால் இந்தியாவில் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் நெடுங்காலம் இழந்தது திருடரால் மட்டுமன்று. திரைப்படத் தயாரிப்பாளர் ஊதியம் கொடுத்து எழுதுவித்த பாட்டுக்கும் இசைக்கும், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் உரிமைத்தொகை கோரி நின்றது, 1969-இல் தொடங்கப்பட்ட இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம். தீர்ப்புடன் தமது கருத்தைத் தனியே பதிவு செய்த நீதிபதி கிருஷ்ண ஐயர், சட்டத்தில் கலைஞர்களுக்குள்ள பாதுகாப்பின் குறையைச் சுட்டி, நாடாளுமன்றத்தின் கவனத்தை ஈர்த்தார். நாடாளுமன்றம் செயற்பட 35 ஆண்டுகள் ஆயின.

2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்நிலையை மாற்றியது. திரையரங்கில் படத்துடன் காட்டப்படுவது தவிர, பாடல் வேறு எவ்வழியிற் பயன்படுத்தப்பட்டாலும் வரும் உரிமைத்தொகையில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு. அப்பங்கை அவர்கள் விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தம் எழுதினாலும் செல்லாது. பழைய ஒப்பந்தங்களில் ‘எல்லா உரிமைகளையும் என்றென்றைக்கும்’ எழுதி வாங்கிய வழக்கத்தைக் கருதியே இவ்வாறு விதிக்கப்பட்டது. இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் 2017-இல் புதிய சட்டத்தின்கீழ் மீண்டும் பதிவு பெற்றபின், அது திரட்டும் தொகை பன்மடங்கு உயர்ந்துள்ளது. வாத்தியக் கலைஞர்களின் நிலை வேறு. பதிவின்போது ஒருமுறை ஊதியம் பெறும் வயலின், தபலாக் கலைஞர்களுக்குச் சந்தாச் சேவைகளின் வளர்ச்சியால் பயன் மிகக் குறைவு. அவர்களுக்கு வேண்டியது அடுத்த ஒலிப்பதிவு நடப்பதே.

திரைப்படம்: முதல் வாரத்தின் பொருளாதாரம்

திரைப்படத்திலும் எண்முறைக் கருவிகள் வந்துவிட்டன, சுருள் மறைந்தது. ஆனால் செலவு இசையைப்போல் குறையவில்லை. ஒரு படத்திற்கு நடிகர் வேண்டும். ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், தச்சர், ஒப்பனையாளர், தையற்காரர், மின்பணியாளர், வாகன ஓட்டுநர் என நூற்றுக்கணக்கானோர் பல மாதங்கள் உழைக்க வேண்டும். இவர்களின் வேலையைக் கணிப்பொறி மலிவாக்கிவிடவில்லை. வருவாயைப் பகிர்வு குறைக்கிறது. செலவையோ தொழில்நுட்பம் குறைக்கவில்லை. இசைக்குக் கிடைத்த ஈடு படத்திற்குக் கிடைக்காத காரணம் இதுவே.

மற்றொரு வேற்றுமை காலத்தைப் பற்றியது. பாட்டு பல ஆண்டுகள் சிறிது சிறிதாகச் சம்பாதிக்கும். திரையரங்கப் படமோ தன் வசூலின் பெரும்பகுதியை முதல் வாரத்திலேயே, அதிலும் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களில், ஈட்டிவிட வேண்டியிருக்கிறது. இந்தியாவில் 1998-இல் திரைப்படத்திற்குத் தொழில் என்னும் தகுதி அறிவிக்கப்பட்டு, பின்னர் வங்கிக் கடனுக்கும் வழி திறந்தது. ஆயினும் சிறு தயாரிப்பாளர் பலர் தனியாரிடம் உயர்ந்த வட்டிக்குக் கடன் பெறுவது நின்றுவிடவில்லை. வட்டி நாள்தோறும் ஏறுகையில் முதல் வார வசூலைத் தவறவிட்ட தயாரிப்பாளருக்கு அடுத்த படம் எடுக்கும் திறன் எளிதில் மீள்வதில்லை.

படம் எப்போது கசிகிறது என்பதைப் பொறுத்தே இழப்பின் அளவு அமைகிறது. அமெரிக்கத் திரைப்படங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு, வெளியீட்டிற்குப் பின் கசிந்த படங்களோடு ஒப்பிட, வெளியீட்டிற்கு முன்பே கசிந்த படங்களின் வசூல் சராசரியாக 19 விழுக்காடு குறைந்ததெனக் கண்டது. இத்தகைய கசிவுகள் இந்தியாவுக்குப் புதியன அல்ல. 2016 ஜூனில், நீண்ட தணிக்கை வழக்கைக் கடந்துவந்த ‘உட்தா பஞ்சாப்’ என்னும் இந்திப் படம் திரைக்கு வருவதற்கு இரண்டு நாட்கள் முன்னர், தணிக்கைப் படி என்ற குறியுடன் இணையத்தில் வெளிவந்தது. 2021-இல் ‘மிமி’ என்னும் படம் கசிந்ததால், குறித்த நாளுக்கு நான்கு நாட்கள் முன்னதாகவே இணைய ஒளிபரப்பில் வெளியிடப்பட்டது. இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2013-இல் ‘அத்தாரிண்டிகி தாரேதி’ என்னும் தெலுங்குப் படத்தின் பெரும்பகுதி வெளியீட்டிற்குச் சில நாட்கள் முன் கசிந்தபோதிலும் அப்படம் பெருவெற்றி பெற்றது. புகழ்பெற்ற நடிகரின் படத்தை அரங்கில் கூட்டத்தோடு பார்ப்பதே ஒரு விழாவாகக் கருதும் மக்கள் உள்ளவரை அத்தகைய படம் தாங்கும். அறிமுக இயக்குநரின் சிறு படத்திற்கு அந்த அரண் கிடையாது. பார்த்தவர் பிறரிடம் சொல்லி, இரண்டாம் வாரத்தில் கூட்டம் சேரவேண்டிய படம் அது. இரண்டாம் வாரத்திற்குள் அது கைப்பேசிகளில் வந்துவிடுகிறது.

அரங்குகளின் பற்றாக்குறையும் இதில் ஒரு கூறு. 140 கோடி மக்கள் வாழும் நாட்டில் உள்ள திரைகள் பத்தாயிரத்திற்கும் குறைவு. சீனாவிலோ எண்பதாயிரத்திற்கு மேல். பல ஒன்றியங்களில் அரங்கே இல்லை. இருந்த ஒற்றைத் திரை அரங்குகளும் கல்யாண மண்டபங்களாகிவிட்டன. அங்குள்ளவருக்குப் புதிய படத்தை விலை கொடுத்துப் பார்க்கும் வழியே சில வாரங்களுக்கு இல்லை. இசையில் சட்டப்படியான வழி எளிதானதும் திருட்டு தேய்ந்தது என்று கண்டோம். திரைப்படத்தில் அவ்வழியை உடனே திறந்தால் அரங்க வசூல் கெடும். தாமதித்தால் திருட்டுப் படி அந்த இடைவெளியை நிரப்பும். அரங்க உரிமையாளருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையே இன்று நடக்கும் பூசல் பெரும்பாலும் இந்த இடைவெளி எத்தனை வாரம் என்பதைப் பற்றியதே.

சட்டமும் அதன் எட்டும் தொலைவும்

பகிர்பவர்களை ஒவ்வொருவராகத் தண்டிக்கும் முறையை அமெரிக்க இசை நிறுவனங்கள் முயன்று பார்த்தன. 2003 முதல் 2008 வரை ஏறத்தாழ 35,000 பேர்மீது நடவடிக்கை எடுத்து, பயன் காணாமல் கைவிட்டன. இந்தியாவில் சட்டம் வேறு வழியில் வளர்ந்தது. பெயர் தெரியாத எதிரிகள்மீது முன்கூட்டியே தடையாணை பெறும் முறை இங்கே ‘அசோக் குமார்’ ஆணை என்னும் புனைபெயரால் வழங்குகிறது. 2012-இல் ‘3’ என்னும் தமிழ்ப் படத்திற்கும் ‘தம்மு’ என்னும் தெலுங்குப் படத்திற்கும் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய ஆணைகளை வழங்கியது. இணைப்பு நிறுவனங்கள் அவ்வாணைகளை விரிவாகப் பொருள்கொண்டு, விமியோ போன்ற சட்டப்படியான தளங்களையும் முழுமையாக முடக்கின. அதே ஆண்டு ஜூனில், குறிப்பிட்ட இணைய முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஆனால் முகவரியைத் தடுத்தால் மறுநாள் ஓர் எழுத்து மாறிய வேறு முகவரி தோன்றிவிடும். இதற்கு விடையாக டெல்லி உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் வழங்கிய தீர்ப்பில், பெருமளவு திருட்டுப் படைப்புகளையே கொண்ட தளங்களை முழுமையாகத் தடுக்கலாம் என்றும், அவற்றின் மறுபதிப்புத் தளங்களையும் புதிய வழக்கின்றி அதே ஆணையில் சேர்க்கலாம் என்றும் வகுத்தது. 2022-இல் அதே நீதிமன்றம் டெலிகிராம் நிறுவனத்தை, சட்டவிரோதக் குழுக்களை நடத்துவோரின் விவரங்களை ஒப்படைக்குமாறு பணித்தது. அவ்வழக்கு படத்தைப் பற்றியதன்று. போட்டித் தேர்வுப் பயிற்சி நூல்களும் விரிவுரைகளும் பகிரப்பட்டது பற்றியதாகும்.

2023-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத் திருத்தம், அரங்கில் படத்தைப் பதிவு செய்வதையும் அப்பதிவைக் காட்டுவதையும் தனிக் குற்றங்களாக்கியது. மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், மூன்று லட்சம் ரூபாய் முதல் படத்தின் தணிக்கை செய்யப்பட்ட தயாரிப்புச் செலவில் ஐந்து விழுக்காடு வரை அபராதமும் விதிக்கலாம். இரண்டு கோடியில் எடுத்த படமாயின் அபராதத்தின் உச்சவரம்பு பத்து லட்சம். இருநூறு கோடிப் படமாயின் பத்து கோடி. ஒரே செயலுக்கு இத்துணை வேறுபட்ட உச்சவரம்பு ஏன் என்று கேட்பாருண்டு. இழப்பின் அளவே தண்டனையின் அளவு என்பது சட்டம் வகுத்தவர்களின் கருத்தாகலாம். ஆனால் அடுத்த படம் எடுக்க இயலாமற் போகும் அபாயம் இரண்டு கோடித் தயாரிப்பாளருக்கே மிகுதி.

இச்சட்டத்தைச் செயற்படுத்த 2023 நவம்பரில் தகவல், ஒலிபரப்பு அமைச்சகமும் மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியமும் பன்னிரு பொறுப்பு அலுவலர்களை நியமித்தன. நீதிமன்றம் செல்ல வசதியற்ற தயாரிப்பாளரும் இவர்களிடம் நேரடியாக முறையிடலாம் என்பது பெரிய நன்மை. அலுவலரின் ஆணையைப் பெற்ற இணையத் தளம் 48 மணி நேரத்திற்குள் அக்கோப்பை நீக்கவேண்டும். வெள்ளிக்கிழமை காலைக் காட்சியில் பதிவான படம் மாலைக்குள் இணையத்தில் ஏறி, தயாரிப்பாளர் அப்பொழுதே முறையிட்டு, அன்றிரவே ஆணையும் பிறந்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டாலும், 48 மணி நேரம் முடியும்போது ஞாயிற்றுக்கிழமை இரவுக் காட்சி தொடங்கியிருக்கும்.